படிக்கட்டு மூலையில் நின்றவர்

எங்கள் அலுவலகத்துக்குப் பேய்ப் படம் எது வந்தாலும் அது நேராக பேயக்காவின் மேசைக்குப் போய்விடும்.

தியேட்டரில் ஓடி முடிந்த படங்களை வீட்டில் பார்க்கும் டிஸ்க்காக மாற்றிக் கொடுப்பது எங்கள் வேலை. கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை டிஸ்க் போடுவார்கள். யாராவது ஒருவர் அதை முதல் எழுத்திலிருந்து கடைசிப் பெயர் வரை உட்கார்ந்து பார்த்து, சரி, சரியில்லை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். படத்துக்கும் ஒலிக்கும் அக்கா. சப்டைட்டிலுக்கு நான். இரண்டு மொழிப் பள்ளியில் படித்தவள் என்பதால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

அக்காவுக்கு முன்னால் பேய்ப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் புதிதாகக் கல்யாணமானவர். ஒரு படத்துக்குப் பிறகு அவர் தனியாகக் கழிப்பறைக்குப் போகவே மறுத்துவிட்டாராம். அப்போது அக்கா கையைத் தூக்கியிருக்கிறார்.

"பேய் என்ன பண்ணிடும்? மிஞ்சிப் போனா திடீர்னு குறுக்க வந்து நிக்கும். என் மாமியார் பண்ணாததா?"

அன்றைக்கு வந்த பெயர் அப்படியே நின்றுவிட்டது.

நாங்கள் வேலை செய்த அறையின் சுவர்களுக்குக் கறுப்பு வண்ணம் பூசியிருக்கும். ஜன்னலில் கனமான திரை. எதிரே ஒரு பெரிய டிவி, அதன் பக்கத்தில் பழைய மலிவு டிவி ஒன்று. அந்தப் பழைய டிவியை அக்காதான் மேனேஜரோடு மல்லுக்கட்டி வாங்கி வைத்தார். "வாங்கறவங்க வீட்ல இதுதான் இருக்கும். நாம ராஜா வீட்டு டிவியில பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னா எப்படி?" என்பார். இடுப்புக்கு ஒரு தலையணை, குளிருக்கு ஒரு சால்வை, கையெட்டும் தூரத்தில் பிளாஸ்க். இந்த மூன்றும் சரியாக அமைந்த பிறகுதான் ரிமோட்டைத் தொடுவார்.

படங்களைப் பற்றி அவர் சொல்லும் தீர்ப்புகள் சின்னவை. இசையை அலறவிட்டுப் பயமுறுத்தும் படம் என்றால், "எங்க வீட்டு மிக்ஸி இதைவிட நல்லாப் பயமுறுத்தும்." பேய் நிறையப் பேசினால், "உயிரோட இருந்தப்போ யாரும் பேச விடலை போல, பாவம்." நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "சிரிச்சா சம்பளத்துல பிடிக்க மாட்டாங்க, ஊமைக்கோட்டானே" என்று என் தோளை இடிப்பார்.

அந்தப் பழைய பேய்ப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தபோதும் அப்படித்தான் தொடங்கியது. முதல் பாகம் எட்டு வருடம் முன்பு வந்து நன்றாக ஓடிய படம். ஒரு பாழடைந்த வீடு, அதன் படிக்கட்டில் நிற்கும் ஒரு வெள்ளை உருவம், முகத்தை மறைத்துத் தொங்கும் முடி. அந்த உருவத்தை வரைந்து காட்டினால் குழந்தைகள்கூடப் படத்தின் பெயரைச் சொல்லிவிடும்.

இரண்டாம் பாகம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"முதல்ல ஒரு வீடு இருந்துச்சு. இதுல வெறும் செட்டுதான் இருக்கு. பேய்க்கு மேக்கப் வேற, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி."

பாதிப் படத்துக்கு மேல் ஒரு காட்சி. கதாநாயகிக்குப் பழைய வீடு நினைவுக்கு வருகிறது. முதல் பாகத்துக்காக எடுத்து அதில் சேர்க்காமல் விட்ட ஒரு துண்டை இங்கே ஒட்டியிருந்தார்கள். மெழுகுவர்த்தியோடு ஒருத்தி படிக்கட்டில் இறங்குகிறாள். பின்னால் மூலையில் அந்த வெள்ளை உருவம் நிற்கிறது. அவ்வளவுதான். தியேட்டரில் நான் பார்த்தபோது மூலையில் ஏதோ இருக்கிறது என்று மட்டும்தான் தெரிந்தது.

டிஸ்க்கில் எல்லாமே தெரிந்தது. முதல் பாகத்தின் டிஸ்க்கை வாங்கியவர்கள், இருட்டில் ஒன்றும் தெரியவில்லை என்று திட்டித் தீர்த்திருந்தார்கள். அதனால் இந்தத் தடவை இருண்ட காட்சிகளை எல்லாம் வெளிச்சமாக்கச் சொல்லித் தயாரிப்பாளரிடமிருந்து உத்தரவு. மூலையில் இருந்த இருட்டு விலகிப் போயிருந்தது. சுவரின் காரை, விக்கின் ஓரம், உடையைப் பிடித்திருந்த ஒரு ஊக்கு, முடிக்கு நடுவே பவுடர் பூசிய ஒரு ஆண்முகம். கண்கள் மூடியிருந்தன. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

அக்கா படத்தை நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி பார்த்தார். மறுபடி பின்னால் ஓட்டினார். அவர் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து நான் பேனாவை எடுத்தேன்.

"இது யாருன்னு தெரியுதா?" என்றார்.

"பேய்."

"என் வீட்டுக்காரர்."

அக்காவின் கணவர் இறந்துவிட்டார், ஒரு மகள் இருக்கிறாள் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. அன்று மதியம், டிவியில் அவர் நின்றது நின்றபடி இருக்க, அக்கா சொன்னார்.

அவர் சண்டைக் காட்சிக் குழுவில் இருந்தவர். ஒல்லி, நல்ல உயரம். பேயாக நடித்த நடிகை கயிற்றில் தொங்க மாட்டேன், பாழும் வீட்டில் ராத்திரி நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், தூரத்துக் காட்சிகளில் எல்லாம் இவரை நிறுத்தியிருக்கிறார்கள். மீசையை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மகள் யாரோ என்று வீறிட்டு அழுதிருக்கிறாள். அப்போதுதான் நடக்கப் பழகிய குழந்தை. அவர் ஆள்காட்டி விரலை மேலுதட்டின் மேல் குறுக்காக வைத்துக்காட்டியதும் அழுகை நின்று, கையை நீட்டினாளாம். ஷூட்டிங் முடியும் வரை வீட்டுக்குள் அவர் விரலை மூக்குக்குக் கீழே வைத்தபடியே வளைய வந்தார்.

"அதுல பெரிய தமாஷ் என்னன்னா, இந்த ஆளுக்கு இருட்டுன்னா பயம். பேயா நடிக்கறவருக்கு! நடையில விளக்கு எரியணும், இல்லன்னா தூக்கம் வராது. கரண்டு போனா போதும், திரும்பி வர்ற வரைக்கும் எண்ணுவாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் கிண்டல் பண்ணுவேன், 'எண்ணி முடிச்சா பரிசு தருவாங்களா?'ன்னு." டிவியைக் காட்டினார். "பாரு, எண்ணறாரு."

ஓடவிட்டார். உதடுகள் ஏழு வரை போயின. காட்சி வெட்டுப்பட்டது.

முதல் பாகம் ஓடிக்கொண்டிருந்தபோதே அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. முற்றிய பிறகுதான் தெரிந்தது. அவர் போனபோது மகளுக்கு மூன்று வயது.

"வீட்ல போட்டோ இருக்கு. எல்லாம் அசையாத போட்டோ. படத்துல எல்லாம் முதுகு, முடி, காலு. முகம் தெரியாம இருக்கறதுதானே வேலையே. அவ கேப்பா, 'அப்பா எப்படிம்மா பேசுவாரு, வாய் எப்படிம்மா போகும்?'னு. நான் என்னத்தைச் செஞ்சு காட்ட?" சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "இப்போ இது வந்திருக்கு."

அந்தக் காட்சி ஒரு குறை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருட்டாக எடுத்த காட்சி இருட்டாக இல்லை என்று எழுதினால் திருத்திவிடுவார்கள். எழுதாவிட்டால் டிஸ்க் கடைக்கு வரும், அவர் மகள் வீட்டில் உட்கார்ந்து அப்பாவின் முகம் அசைவதைப் பார்ப்பாள். அக்கா குறையுள்ள எந்த டிஸ்க்கையும் சரி என்று அனுப்பியவர் இல்லை. ஒரு இருமல் சத்தம் அரை நொடி தள்ளி வந்ததற்காகத் தயாரிப்பாளரையே காத்திருக்க வைத்தவர்.

"வெளிச்சம் சரின்னு போடப்போறேன். நீ ஒண்ணும் சொல்லிடாதே" என்றார். பிறகு, "நீ எங்க சொல்லப்போறே" என்று தானே சேர்த்துக்கொண்டார்.

ஆனால் அன்று கையெழுத்துப் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. மேனேஜர் கேட்டபோது ஒலி பாக்கி இருக்கிறது என்றார். சாப்பாட்டு நேரத்தில் நான் டப்பாவைத் திறந்து காத்திருப்பேன். அவர் அந்தக் காட்சியின் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒருமுறை நான் உள்ளே போனபோது டிவியைப் பார்த்து, "ஊக்கை ஒழுங்காக் குத்திக்கத் தெரியல உனக்கு" என்று கடிந்துகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் என்ன தோன்றியதோ, மேனேஜரையும் வண்ணம் திருத்துபவரையும் அறைக்குள் கூப்பிட்டார். யார் என்று சொல்லவில்லை. "இந்த இடம் சரியா இருக்கான்னு பாத்துட்டுச் சொல்லுங்க. நானே பாத்துப் பாத்து எனக்குப் புரியல" என்றார்.

ஓடியது. முதலில் சிரித்தது மேனேஜர்.

"என்னப்பா இது, பேய் வாய்ப்பாடு ஒப்பிக்குது!"

"ஏழுல மாட்டிக்கிச்சு சார். யாராவது எடுத்துக் கொடுங்க" என்றார் வண்ணம் திருத்துபவர். "ஐயோ, அந்த ஊக்கைப் பாருங்க. பேய்க்கு அவசரத் தையல்!"

"கண்ணை வேற மூடிட்டிருக்கு. நம்மளைப் பாத்தா அதுக்குப் பயம் போல."

அக்காவும் சிரித்தார். சால்வையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்தால் அவருக்கு எப்போதும் கண்ணில் தண்ணீர் வரும், அதனால் அவர்களுக்கு வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். போட்டார். மறுபடி சிரித்துவிட்டுப் போனார்கள்.

கதவு மூடியதும் அக்கா காட்சியை நிறுத்தினார்.

"அவங்க மேல தப்பு இல்ல" என்றார். "யாருன்னு தெரியாம இருந்தா நானே சிரிச்சிருப்பேன். இதைவிட மோசமா சொல்லியிருப்பேன்."

"அக்கா..."

"தியேட்டர்னா பரவாயில்ல. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். இதை வீட்ல உக்காந்து நிறுத்தி நிறுத்திப் பாப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டுக் காட்டுவாங்க." ரிமோட்டை மேசையில் வைத்தார். "பயத்துல நடுங்கிக்கிட்டு, அதை யாருக்கும் காட்டாம அசையாம நின்ன மனுஷன். அவரைக் கோமாளியாக்க என்னால முடியாது கண்ணு."

அன்று மாலை அவர் எழுதிய குறிப்பு ஒரே வரி: இருட்டுக் காட்சிகள் இருட்டாக இல்லை, படமாக்கியபடியே தரவும்.

மேனேஜர் குறிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "என்னக்கா இது? முதல் பாகத்துக்கு எவ்வளவு திட்டு வாங்கினோம், மறந்துட்டீங்களா? வாங்கறவங்களுக்கு எல்லாம் பளிச்சுனு தெரியணுமாம்."

"தெரிஞ்சிட்டா அது பேய் இல்ல சார். யாரோ ஒரு ஆளு."

"அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டிட்டா?"

"வெட்டக் கூடாது!" குரல் உயர்ந்துவிட்டது. உடனே தணித்துக்கொண்டார். "படத்துலயே உருப்படியான இடம் அது ஒண்ணுதான் சார். இருக்கட்டும். இருட்டுல இருக்கட்டும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தயாரிப்பாளரிடம் அவர் எப்படிப் பேசினாரோ, ஒப்புக்கொண்டார்கள்.

இனி பாக்கி இருந்தது அந்தச் சோதனை டிஸ்க். முன்பு ஒருதடவை ஒரு படம் எங்கள் கட்டடத்திலிருந்தே வெளியே கசிந்து, ஒருவருடைய வேலை போயிற்று. அதிலிருந்து, சரியில்லை என்று தள்ளிவிட்ட டிஸ்க்கை ஆணியால் இரண்டு பக்கமும் கீறி, இரண்டாக உடைத்துவிட வேண்டும். ஒருவர் உடைக்க, இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நகல் எடுக்கலாமா என்று நான் மெதுவாகக் கேட்டேன். அக்கா என்னை உற்றுப் பார்த்தார். "என் வேலை போனா, பொழைப்புக்கு அவளை விட்டுட்டு எங்கயாவது போகணும். அப்புறம் அவளுக்கு அம்மாவும் வெறும் போட்டோதான்" என்றார்.

சனிக்கிழமை அரை நாள். மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு மகளை அழைத்து வந்தார்.

"குழந்தைக்குப் பேய்ப் படமா? நல்ல அம்மாதான் போங்க" என்றார் மேனேஜர்.

மகளுக்குப் பதினோரு வயது. அக்காவைப் போலவே பேச்சு. வந்ததும் கறுப்புச் சுவரைத் தடவிப் பார்த்து, "இங்க யாராவது செத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். நான் என் நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

அக்கா யார் என்று சொல்லாமலே காட்சியைப் போட்டார். ஏழு வரை ஓடி வெட்டுப்பட்டது. சிறுமி அம்மாவைப் பார்த்தாள்.

"யாரும்மா இது?"

"நல்லாப் பாரு."

மறுபடி போட்டார். சிறுமி முன்னால் குனிந்தாள். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் தலையை ஆட்டினாள்.

"அப்பாவா? இல்லம்மா. அப்பாவுக்கு மீசை இருக்குமே."

அக்கா படத்தை நிறுத்தினார். எழுந்து போய், டிவியில் அந்த முகத்தின் மேலுதட்டில் தன் ஆள்காட்டி விரலைக் குறுக்காக வைத்தார். பெரிய டிவிதான், ஆனாலும் அந்த முகம் ஒரு எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது. விரல் பாதி முகத்தை மறைத்தது. சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார்.

"இப்போ?"

சிறுமி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ம்" என்றாள்.

அம்மா வருத்தப்படக் கூடாது என்பதற்காகச் சொன்ன "ம்" அது. அக்காவுக்கும் தெரிந்தது. ஓடவிட்டால் கேமரா நகர, முகம் விரலை விட்டு விலகிவிடும். நிறுத்தினால் அது இன்னொரு போட்டோ. அக்கா விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, எதற்காக உதடு அசைகிறது என்று மகளுக்குச் சொன்னார். நடை விளக்கு, கரண்டு போவது, எண்ணுவது. சிறுமிக்குச் சிரிப்பு வந்தது. "அப்பா பயந்தாங்கொள்ளியா?" என்றாள். "பெரிய பயந்தாங்கொள்ளி" என்றார் அக்கா. இன்னும் சில தடவை பார்த்தார்கள். கடைசித் தடவை இருவரும் சேர்ந்து எண்ணினார்கள்.

மகளை வெளியே உட்கார வைத்துவிட்டு அக்கா ஆணியை எடுத்தார். டிஸ்க்கைத் திருப்பிப் பிடித்தார். மினுங்கும் பக்கத்தில் அவர் முகம் வளைந்து தெரிந்தது.

"கை வரமாட்டேங்குது. நீ கீறு" என்றார்.

நான் கீறினேன். ஆணி வழுக்கும் சத்தத்துக்கு அவர் ஒவ்வொரு முறையும் கண்ணைச் சுருக்கினார். உடைப்பதை மட்டும் தானே செய்தார். பட்டென்று உடையவில்லை. வளைந்து வளைந்து, வெள்ளைக் கோடு விழுந்து, பிறகுதான் உடைந்தது. உடைத்தவர் என்ற இடத்தில் அவரும், சாட்சி என்ற இடத்தில் நானும் கையெழுத்துப் போட்டோம்.

இரண்டு மாதம் கழித்து டிஸ்க் கடைக்கு வந்தது. ஒரு வாரப் பத்திரிகையில் அதற்கு மதிப்புரை வந்திருந்தது. நான் அறையில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கதை முதல் பாகத்தின் வெறும் நிழல், பேயைவிட இசைதான் துரத்துகிறது, டிஸ்க்கில் கூடுதலாக வைத்திருக்கும் பேட்டிகள் தூக்க மருந்து என்று வரிசையாகக் குத்தியிருந்தார் எழுதியவர். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஒரு பத்தி: படத்தில் உண்மையாகப் பயந்தது ஒரே இடத்தில்தான், படிக்கட்டு மூலையில் ஏதோ நிற்கிறது, என்னவென்று தெரியவில்லை, அந்த இருட்டைக் கெடுக்காமல் டிஸ்க்கில் கொடுத்தவர்களுக்கு நன்றி.

"இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். "அங்க நின்னது யாருன்னு ஏதாவது போட்டிருக்கா?"

"இல்லக்கா."

"எங்க போடுவாங்க. படத்தோட கடைசியிலயே போடல."

வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொரு டிஸ்க் கொடுத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். ஒரே அறை, ஒட்டினாற்போல் சமையலறை. சுவரில் மீசையோடு அவர். சிறுமி ஜன்னலில் போர்வையைக் கட்டி வெளிச்சத்தை மறைத்திருந்தாள். டிவி எங்கள் அலுவலகத்துப் பழைய டிவியைப் போலத்தான் இருந்தது.

அந்த இடம் வந்தது. மெழுகுவர்த்தி இறங்கியது. மூலையில் இருட்டு.

"எங்கம்மா?"

அக்கா எழுந்து போய் டிவியின் இடது ஓரத்தைத் தொட்டுக்காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. கறுப்புக்குள் கொஞ்சம் வெளிறிய கறுப்பு, அவ்வளவுதான். சிறுமி அந்த இடத்தையே பார்த்தாள். அவள் உதடுகள் அசைய ஆரம்பித்தன. சத்தம் இல்லை. காட்சி வெட்டுப்பட்டபோது, "ஏழு" என்றாள்.

அக்கா பழக்கத்தில் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி, தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, அலுவலகத்தில் பார்ப்பதுபோலவே அந்த மூலையைப் பார்த்தார்.

"இருட்டு சரியா இருக்கு" என்றார் என்னிடம்.

"மறுபடி போடும்மா" என்றாள் மகள். அக்கா போட்டார்.